சபையில்லாத ஊரில் கர்த்தருடைய நாள்: வளைகுடாவுக்குப் புதிதாகப் போகிற விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் ஆலயத்தில் ஞாயிறு காலை, ஆராதனைக்கு அழைக்கும் இரண்டாம் மணி எட்டரைக்கு அடிக்கும். சவூதி அரேபியாவில் அப்போது மணி ஆறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலைநாள் என்பதால், அந்த நேரத்தில் நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். முன் சீட்டில் ஒருவர் தூங்குவார், பின் சீட்டில் இருவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சின்ன வயதில் எவ்வளவோ ஞாயிறுகள் ஆலயத்துக்குப் போக மனமில்லாமல் கட்டிலிலேயே புரண்டவன்தான் நான். போக முடியாத இடத்துக்கு வந்த பிறகுதான் அந்த மணிச்சத்தம் காதுக்குள் கேட்கத் தொடங்கியது.

இந்தக் கட்டுரை அப்படிப் புறப்படப் போகிறவர்களுக்காகவும், போய்ச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனால் கப்பலில் வேலை செய்கிறவருக்கும், வட இந்தியாவில் தமிழ் ஆராதனை இல்லாத ஊரில் பணியமர்ந்தவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புறப்படும் முன்

பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அலைகிற அலைச்சலில் உங்கள் ஐயரை, அதாவது சபைக் குருவானவரை, போய்ப் பார்ப்பதை மறந்துவிடாதீர்கள். ஜெபித்து அனுப்புவதற்காக மட்டும் அல்லாமல், நீங்கள் இன்ன சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) சபை அங்கத்தினர், திடப்படுத்தல் பெற்று நற்கருணையில் பங்குபெறுகிறவர் என்று ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தரும்படி கேளுங்கள். இது புது வழக்கம் இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பவுல் தொடங்குவதே, கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி ரோமாபுரியாருக்குச் சொல்லித்தான். அறிமுகமில்லாத நகரத்தில் ஒரு சபையின் வாசலில் நிற்கும்போது, அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

வேதாகமத்தைச் சொந்த வாசிப்புக்கு ஒரு பிரதி மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சவூதியில் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றும் கிடையாது. வேதப்பிரதிகளையோ துண்டுப்பிரதிகளையோ பிறருக்குக் கொடுப்பதும், மதம் மாறும்படி பேசுவதும் அங்கே குற்றமாகும். கட்டுக்கட்டாக எடுத்துச் செல்வது தைரியம் என்று யாராவது சொன்னால், அதன் விளைவு உங்களோடு அறையில் தங்கியிருக்கும் மற்றவர்கள் மேலும் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள். செல்பேசியில் இணையம் இல்லாமலே திறக்கும்படி தமிழ் வேதாகமத்தையும், அதன் ஒலிப்பதிவையும், பாமாலை, கீர்த்தனைப் பாடல்களையும் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் சிக்னல் கிடைக்காத நாட்கள் பல உண்டு.

இன்னொன்று, வாரம் ஒருமுறை பேசுவதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் மனைவியும் இதற்குச் சரிவர மாட்டார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று “நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்வோம். உங்கள் விசுவாசம் எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்கக்கூடிய ஒரு மூத்தவர் வேண்டும்.

முதல் பத்து நாட்கள்

முதல் பத்து நாட்களில் பெரிய தீர்மானம் எதையும் எடுக்க வேண்டாம். எலியாவின் சரித்திரத்தை 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசியுங்கள். அவன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறான். அதற்கு வந்த முதல் பதில் ஒரு உபதேசமாகவோ கண்டிப்பாகவோ இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வருகின்றன. தின்று குடித்துத் திரும்பப் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் முறை வந்து எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். தேவன் அவனிடம் “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று கேட்பது நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஆகவே புது இடத்தின் வெயிலிலும் வேலைக் களைப்பிலும் ஜெபம் வராமல் போனால், விசுவாசம் போய்விட்டதென்று முடிவு கட்டாமல், முதலில் சரியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். உறங்குமுன் ஒரு சங்கீதம் வாசித்தால் அந்த நாட்களுக்கு அது போதும்.

அதே அதிகாரத்தில் நாம் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு வரி உண்டு. பெயெர்செபாவில் எலியா தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறான். ராணி யேசபேலின் மிரட்டல் அவனை ஊரைவிட்டுத் துரத்தியது உண்மை. ஆனால் கூட இருந்த ஒரே துணையை விட்டுவிட்டது அவனேதான். பிறகு, “நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்” என்று இருமுறை முறையிடுகிறான். பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இஸ்ரவேலில் உண்டு என்ற பதில் அவனுக்குக் கிடைக்கிறது, ஆனால் அவர்களின் பெயர்ப்பட்டியல் கிடைப்பதில்லை. நம் தனிமையிலும் சூழ்நிலை சுமத்தியது எவ்வளவு, நாமே ஒதுங்கியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. என் விஷயத்தில் பாதிக்குப் பாதி இருந்தது.

இடமும் வேளையும்

எட்டுப் பேர் தங்கும் அறையில் ஜெபிக்க இடம் எங்கே என்று கேட்பீர்கள். கேம்ப்பில் கீழ்க்கட்டில் கிடைத்தவர்கள், மேல்கட்டிலின் விளிம்பில் போர்வையைச் செருகித் திரைபோலத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வீட்டோடு பேசுவதும் அழுவதும் அதற்குள்தான். “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து” என்று மத்தேயு 6-இல் ஆண்டவர் சொன்ன அறைக்கு எனக்கு அகப்பட்ட கதவு அந்தப் போர்வைதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாகிஸ்தான்காரர் தினமும் அதிகாலையில் தொழுகைக்கு எழுவார். அவர் எழும் சத்தத்தில் நானும் எழப் பழகினேன். அவர் தொழுகையை நானும், என் ஜெபத்தை அவரும் ஒரு நாளும் தடுத்ததில்லை.

வேளையைப் பொறுத்தவரை தானியேல் 6:10-ஐ அப்படியே பின்பற்றலாம். எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருக்க, அவன் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் நின்று யோசித்தது, அங்கே நடுவில் வருகிற “தான் முன் செய்துவந்தபடியே” என்ற சொற்களில். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை வந்ததும் அவன் புதிதாக எதையும் தொடங்கவில்லை. நெடுநாள் பழக்கமே அன்றும் அவனை மேலறைக்குக் கொண்டுபோயிற்று. அவன் நோக்கி ஜெபித்த திசையில் ஆலயமும் இல்லை. நேபுகாத்நேச்சாரின் படை அதைச் சுட்டெரித்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகையால் வெளிநாட்டுக்கென்று தனியாக ஒரு பக்தி முறையை உண்டாக்க முயலாதீர்கள். ஊரில் இரவு சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டென்றால், அதே நேரத்தில் அதே பாடலோடு இங்கேயும் வையுங்கள். ஊரில் செய்யாததை இங்கே மூன்று மணி நேரம் செய்யப்போகிறேன் என்று தொடங்கியவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாள் பற்றிய குழப்பமும் வரும். சவூதியில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறியிருந்தாலும், அங்கேயும் கூலித்தொழிலாளர் பலருக்கு ஓய்வு வெள்ளிக்கிழமைதான். வளைகுடாச் சபைகளில் பெரிய ஆராதனை வெள்ளியன்று நடப்பது இதனால்தான். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான் என்று ரோமர் 14-இல் பவுல் எழுதியதை வாசித்தால் மனம் உறுத்தாது. இருந்தாலும் ஞாயிறை முற்றிலும் கைவிட வேண்டாம் என்பது என் கருத்து. பத்முதீவில் கிடந்த யோவானுக்குச் சபையும் இல்லை, ஆலயமணியும் இல்லை. ஆனாலும் தரிசனம் வந்தது “கர்த்தருடைய நாளில்” என்று அவனால் எழுத முடிந்தது. கிழமை அவனுக்குத் தப்பவில்லை. வெள்ளியன்று முழு ஆராதனையும், ஞாயிறன்று பஸ்ஸில் ஐந்து நிமிடமும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

தனியாக ஓர் ஆராதனை

இதைச் செய்வதற்கு முதலில் கூச்சமாக இருக்கும். தனியாகப் பாடுவதும், தானே வாசித்துத் தானே “ஆமென்” சொல்வதும் நாடகம்போலத் தோன்றும். நான்காம் வாரத்துக்குள் அது விலகிவிடும். முக்கால் மணி நேரம் போதும்.

உங்கள் ஆலயத்தில் பாட்டு எண்கள் போடும் பலகையை, வீட்டிலிருந்து யாராவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் தம்பி மகன் ஞாயிறுதோறும் ஆராதனை தொடங்குமுன் அதை அனுப்புவான். சில நாள் ஒரு எண் கோணலாகத் தொங்கும், சில நாள் 6 தலைகீழாக மாறி 9 ஆகியிருக்கும். சபையார் ஞாயிறன்று பாடிய அதே பாடல்களை அடுத்த வெள்ளியன்று நானும் மெல்லிய குரலில் பாடுவேன். திருச்சபையின் வேதபாட அட்டவணையில் அந்த ஞாயிறுக்குக் குறித்திருக்கும் பகுதிகளையே வாசியுங்கள். நமக்குப் பிடித்த அதிகாரங்களையே சுற்றிச்சுற்றி வருவதிலிருந்து அது காப்பாற்றும். வாசிப்பதைக் காதில் விழும்படி வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது பிலிப்பு அதைக் கேட்டான் என்றால், தனியாகப் போனவன் சத்தமாய்த்தான் வாசித்திருக்கிறான்.

பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஜெப புத்தகத்தில் உள்ளபடியே சொல்லுங்கள். மன்றாட்டு ஜெபத்துக்கு நான் கண்ட எளிய வழி, ஆலயத்தின் பெஞ்சுகளை மனதில் வரிசையாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வழக்கமாக உட்காருகிறவர்களைப் பேர் சொல்லி ஜெபிப்பது. கடைசிப் பெஞ்சில் தூணோரம் இருந்து எப்போதும் பிந்தி எழுந்திருக்கும் தாத்தாவைக்கூட அப்போதுதான் நான் முதல்முறையாக ஜெபத்தில் நினைத்தேன். பிறகு கர்த்தருடைய ஜெபம். கதவை மூடித் தனியாக ஜெபி என்று சொன்ன அதே இடத்தில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தில் “என்” என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. “எங்கள் பிதாவே” என்று தொடங்கி, அப்பமும் மன்னிப்பும் “எங்களுக்கு” என்றே கேட்கப்படுகின்றன. எட்டுப் பேர் அறையில் போர்வைக்குள் முணுமுணுத்தாலும் அதைப் பன்மையில்தான் சொல்ல முடியும்.

காணிக்கையையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன்னிடத்திலே சேர்த்துவைக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 16-இல் பவுல் எழுதியபடியே ஒரு கவரில் வாராவாரம் போட்டு வையுங்கள். சம்பளம் பிந்துகிற மாதத்தில் ஒரு ரியால் போட்டாலும் போதும்.

நற்கருணையைப் பற்றி மட்டும் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொட்டியையும் பழச்சாற்றையும் வைத்துக்கொண்டு தாங்களாகவே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சில சபைப்பிரிவுகள் அதை அனுமதிக்கின்றன. எங்கள் சபை முறைப்படி அபிஷேகம் பெற்ற குருவானவர் நடத்துவது அது. அதோடு, “நாமெல்லாரும் அந்த ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம்” என்ற வசனத்தை வாசித்த பிறகு எனக்குத் தனியாக எடுக்க மனம் வரவில்லை. உங்கள் ஐயரைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். கிடைக்காத இடத்தில் அந்தப் பசியைப் பசியாகவே வைத்துக்கொள்வதும் ஒரு உண்மைதான் என்று நான் நினைக்கிறேன்.

செல்பேசியில் வரும் ஆராதனை

2020 ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர் ஆராதனையை ஊரில் இருந்தவர்களும் வீட்டிலிருந்து செல்பேசியில்தான் பார்த்தார்கள். அந்த ஊரடங்குக்குப் பின் சிறிய கிராமச் சபைகளும் ஆராதனையை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியது நம்மைப் போன்றவர்களுக்கு நன்மையாயிற்று. பார்ப்பதானால் உங்கள் சொந்தச் சபையின் ஒளிபரப்பைப் பாருங்கள். ஒலி சரியில்லாவிட்டாலும், நடுவில் குழந்தை அழுதாலும் அதையே பாருங்கள். அந்த அழுகை யார் வீட்டுக் குழந்தையுடையது என்று உங்களுக்குத் தெரியும். பிரபல பிரசங்கியார்களின் செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது ஆராதனை ஆகிவிடாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களின் எண்ணைத் தேடிப்பிடித்து, “உமக்காக ஒரு தீர்க்கதரிசனம் வந்தது” என்று செய்தி அனுப்பி, அடுத்த வாரம் வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் அறையிலேயே ஒரு தம்பி அப்படி இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தான். உங்களை நேரில் அறியாதவர், உங்கள் ஐயரை அறியாதவர் கேட்டால் பணம் அனுப்பாதீர்கள்.

யோவான் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கையில், காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, வந்து “முகமுகமாய்ப் பேசலாமென்று” நம்பியிருக்கிறேன் என்கிறான். மனதில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு நிருபத்தை எழுதி முடித்தும் விட்டான். செல்பேசியையும் அந்த மனதோடுதான் நாம் கையில் எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள்

ஆலயமுள்ள நாட்டில் இருந்தால் விடுமுறை நாளில் அங்கே போய்ச் சேருவதை முதல் வேலையாக வையுங்கள். துபாயில் ஊத் மேத்தா, ஜெபல் அலி ஆகிய இடங்களிலும், தோஹாவில் நகருக்கு வெளியே மெசைமீரிலும் பல சபைப்பிரிவுகளின் ஆலயங்கள் அருகருகே இருக்கின்றன. குவைத்திலும் பஹ்ரைனிலும் ஓமானிலும் உண்டு. தமிழ் ஆராதனை கிடைக்காவிட்டால் மலையாள ஆராதனைக்குப் போகலாம். பாதி புரியும், பாடல் ராகம் முழுதும் புரியும்.

ஆலயமே இல்லாத இடத்தில், கூட்டம் சேர்க்க முயலாமல், ஓர் ஆளைத் தேடுங்கள். பிலிப்பியில் பவுல் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனதாக வேதம் சொல்லவில்லை. பட்டணத்துக்கு வெளியே ஆற்றினருகே, ஜெபம்பண்ணுகிற இடத்தில் கூடிவந்த சில ஸ்திரீகளிடம் உட்கார்ந்து பேசினான். பிலிப்பி சபை அங்கிருந்துதான் புறப்பட்டது. “இரண்டுபேராவது மூன்றுபேராவது” கூடினால் அவர்கள் நடுவில் இருக்கிறேன் என்ற ஆண்டவரின் வாக்கு இரண்டிலேயே தொடங்குகிறது. மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டின் முன் ஒரு கணம் கண்ணை மூடுகிறவரைக் கவனித்து வையுங்கள். எனக்குத் துணையாகக் கிடைத்த ஆந்திரக்காரரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. அவர் தெலுங்கிலும் நான் தமிழிலும் ஒரே சங்கீதத்தை மாறிமாறி வாசித்தோம். கேம்ப் விதிகளுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் உட்பட்டு, சத்தமில்லாமல், பிறரைக் கூப்பிடாமல் இருந்தோம்.

மனிதர் முகம் என்ன செய்யும் என்பதற்கு அப்போஸ்தலர் 28:15 சாட்சி. புயலையும் கப்பற்சேதத்தையும் விரியன் பாம்பையும் தாண்டி வந்த பவுல், ரோமாபுரியிலிருந்து சகோதரர்கள் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நடந்து அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்ததைக் கண்டபோது தேவனை ஸ்தோத்திரித்துத் “தைரியமடைந்தான்” என்று லூக்கா எழுதுகிறான். கப்பலில் அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னவனுக்கே அது தேவைப்பட்டது.

வறண்ட நாட்கள்

ஆறாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் நடுவில் ஒரு வறட்சி வருவதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சபையார் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகை, கிறிஸ்துமஸ் சமயங்களில் அது இன்னும் கூடும். அப்போது 42, 43-ஆம் சங்கீதங்களைச் சேர்த்து வாசியுங்கள். எழுதியவன் யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும் அகப்பட்டுக் கிடக்கிறான். பண்டிகைக் கூட்டத்தோடு ஆலயத்துக்குப் போய்வந்ததை நினைத்து உள்ளம் உருகுகிறான். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்ற கேள்வி மூன்று தரம் வருகிறது. முதல் தரம் கேட்டதோடு கலக்கம் தீர்ந்திருந்தால் மற்ற இரண்டும் வேண்டியிருக்காது. ஆகவே நேற்று ஜெபித்து ஆறுதலடைந்த பின் இன்று மறுபடியும் மனம் கனத்தால், நேற்றைய ஜெபம் பொய் என்று நினைக்க வேண்டாம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லாமல் போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றே அறையில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

ஊரிலிருந்து கேட்க வேண்டியவை

“எனக்காக ஜெபியுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையசைப்பார்கள், பிறகு மறந்துபோவார்கள். பவுல் கடைசிச் சிறைவாசத்தில் தீமோத்தேயுவிடம் கேட்டது மிகத் துல்லியமாக இருக்கிறது: துரோவாவில் கார்ப்புவினிடத்தில் வைத்துவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள்; வரவேண்டியது மாரிகாலத்துக்கு முன்னே. எல்லாரும் கைவிட்ட நேரத்தில் “கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று” பலப்படுத்தினார் என்று எழுதிய அதே அதிகாரத்தில்தான் அந்த மேலங்கியும் வருகிறது. நீங்களும் அப்படியே கேளுங்கள். பாட்டுப் பலகையின் படம், மாதம் ஒருமுறை ஐயரின் ஐந்து நிமிட அழைப்பு, இரண்டாம் மணி அடிக்கும் சத்தத்தின் பதிவு, ஜெபக்குறிப்பில் உங்கள் பெயர். பிறந்தநாளன்று உங்கள் சார்பில் வீட்டார் ஸ்தோத்திர காணிக்கை படைத்தால், ஆலயத்தில் உங்கள் பெயர் வாசிக்கப்படும். நீங்கள் உட்காரும் பெஞ்சைச் சிலராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்தக் காணிக்கைக் கவரைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள், பெட்டி சில சமயம் இரண்டு நாள் பிந்தி வரும். முதல் ஞாயிறு முதல் மணிக்கே போய்விடுங்கள். நான் இரண்டாம் மணிக்குப் போனேன். என் இடத்தில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், நகர்ந்து இடம் கொடுத்தான். சபை ஊழியர் காணிக்கைப் பட்டியலை வாசிக்கையில், இன்னார் வெளிநாட்டிலிருந்து சுகமாய் வந்து சேர்ந்ததற்காக என்று என் பெயரையும் வாசித்தார், வழக்கம்போல இனிஷியலைத் தப்பாக.